இடுப்புக்கு இறங்காத குடங்கள்

அத்தியாயம் ஐந்து

வேதகிரிக்கு உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய் வருஷக்கணக்காகிறது. மிச்சமிருந்தது செருப்பின் மேல் இருந்த நம்பிக்கை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரப்பு வழியாகக் கங்கையம்மன் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் அதன் வாரும் அறுந்து போயிற்று. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடி மாத வெயிலில் கரை ஏறினார்.

“துப்பறியறவர் கையில துப்பாக்கி இருக்கும்னு ஜனங்க ஆசையா பார்த்தாங்க சார். ஏமாத்திட்டீங்க,” என்றாள் சுலோச்சனா.

“எறிஞ்சா இதுவும் வலிக்கும்.”

சுலோச்சனா அவருடைய உதவியாள். காஞ்சிபுரத்தில் அப்பாவின் கட்பீஸ் கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள். வருகிறவன் வாங்க வந்தானா, வெயிலுக்கு ஒதுங்கினானா என்று அவன் படியேறும்போதே சொல்லிவிடுவாள். வேதகிரி படித்த சட்டப் புத்தகங்களைவிட அந்தக் கடைப்படிப்பு பல கேஸ்களில் உதவியிருக்கிறது. அதை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் சம்பளம் உயர்த்தக் கேட்பாள்.

கரையில் காத்திருந்தவர் வரதன். கோயில் தர்மகர்த்தா, ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரர், ஆள் அனுப்பி இவர்களை வரவழைத்தவர். வந்தவர்களைத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்காமல் குளத்தைப் பார்த்துக் கை தட்டினார். மடியிலிருந்து பொரியை அள்ளி வீசினார்.

பொரி மிதந்தது. அவ்வளவுதான்.

“பாத்தீங்களா சார்? அம்மன் மீனு சார் இது! எங்க பாட்டன் காலத்துலருந்து இந்தக் குளத்துல ஒருத்தன் தூண்டில் போட்டதில்ல. கை தட்டினா போதும், உலை கொதிக்கிற மாதிரி மேல வரும். ஞாயித்துக்கெழமை கூழ் ஊத்தற திருவிழா. திங்கக்கெழமை காலைல பூசாரி பொரி போட்டா ஒண்ணுகூட வரல. ராத்திரியோட ராத்திரியா எவனோ வாரிக்கினு போயிட்டான்.”

“சந்தேகம்?”

“காவக்காரன் செங்கேணி. அவனைப் பிடிச்சி நெல்லு குடோன்ல போட்டு வெச்சிகீறேன். கேட்டா தூங்கிட்டேன்றான். ஆனா ஊர்ல இன்னா பேசிக்கினு கீறானுங்க தெரியுமா? நான்தான் மீனைப் பிடிச்சி மெட்ராசுக்கு லாரி ஏத்திட்டேனாம்!”

“உங்களை ஏன் சொல்லணும்?”

வரதன் கொஞ்சம் நெளிந்தார். “பிளாக் ஆபீசுல பேசி, இந்தக் குளத்துல கட்லா குஞ்சு விடறதுக்கு ஏற்பாடு பண்ணிக்கினு இருந்தேன். முழங்கை நீளம் வளரும் சார். கோயிலுக்கு வருமானம். அதைப் பிடிச்சிக்கினாங்க. இன்னிக்கி சாயங்காலம் ஊர்க்கூட்டம். அதுக்குள்ள திருடன் பேரு எனக்கு வேணும். வேற பேரு கிடைக்கலன்னா செங்கேணி பேருதான். குடிசையைப் பிரிச்சிட்டு ஆளைப் போலீஸ்ல கொடுத்துடுவோம்.”

குடிசை கரைமேலேயே இருந்தது. வாசலில் செங்கேணியின் மனைவி சிட்டம்மாள் பாத்திரங்களைப் பழைய புடவையில் வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தீர்ப்புக்கு முன்னாலேயே மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்தால் வேதகிரிக்கு அலுப்பாக இருக்கும். அவர்கள் கணக்கு பெரும்பாலும் தப்புவதில்லை.

வரதன் போனதும் சுலோச்சனா படியில் இறங்கி, தாவணி நுனியை விரித்துத் தண்ணீருக்குள் விட்டுத் தூக்கினாள். கொசுப்புழு நெளிந்தது. மறுபடி அரித்தாள். மறுபடியும் கொசுப்புழு.

“சார், இது திருட்டு இல்ல.”

“தர்மகர்த்தாகிட்ட சொல்லு. சந்தோஷப்படுவார்.”

“கேளுங்க. எங்க கடையில ஒரு தடவை திருடன் வந்தான். பட்டு எடுத்தான், பாப்ளின் எடுத்தான். கிழிசல் துண்டெல்லாம் வெச்சிட்டுப் போயிட்டான். மீன் திருடினவன் விராலை எடுப்பான், கெளுத்தியை எடுப்பான். விரல் நகம் அளவு பொடி மீனை எதுக்கு எடுக்கணும்? அதைச் சந்தையில வெச்சா ஈதான் வாங்கும். விக்காத சரக்கை எவனும் திருட மாட்டான் சார்.”

வேதகிரி கரையில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவிக்கொண்டார். அவள் சொன்னது சரி. சரியாக இருப்பவை எல்லாம் இன்னும் கொஞ்சம் நடக்க வைக்கும் என்பதுதான் அவருடைய கவலை.

நடந்தார்கள்.

நெல் குடோனில் செங்கேணி மூட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். உதடு வீங்கியிருந்தது. வரதனின் ஆட்கள் விசாரணையைத் தங்கள் பாணியில் முடித்திருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை...” என்று ஆரம்பித்தார் வேதகிரி.

“ராத்திரி தூங்கிட்டேன் சார்.”

“நான் இன்னும் கேக்கவே இல்லியே.”

“இன்னா கேட்டாலும் அதான் சார். சாராயம் குடிச்சேன், தூங்கிட்டேன். தப்பு என்னுதுதான்.”

“எவ்வளவு குடிச்சே?” என்றாள் சுலோச்சனா.

செங்கேணி யோசித்தான். குடிகாரன் இந்தக் கேள்விக்கு யோசிக்கவே மாட்டான். பாதியாகக் குறைத்துப் பட்டென்று சொல்வான். “நெறைய,” என்றான் இவன்.

வேதகிரி எழுந்தார். கதவருகே போனபோது செங்கேணி கூப்பிட்டான்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? ரேடியோவுல மழையைப் பத்தி இன்னா சொல்றான்?”

“மழையா? எதுக்கு?”

“சும்மாதான் சார்.”

வெளியே வந்ததும் சுலோச்சனா, “மாட்டிக்கிட்டவன் வக்கீல் கேப்பான், பீடி கேப்பான். இவன் மழை கேக்கறான். நாத்து விட்டிருக்கானா?” என்றாள்.

“அவனுக்குக் காணி நிலம் கிடையாது.”

“அப்போ யாருக்காகக் கேக்கறான்?”

கேள்வி நல்ல கேள்வி. நல்ல கேள்விகளை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பதில் வருகிறபோது சில்லறையாக மாற்றிக்கொள்ளலாம்.

குளத்திலிருந்து ஊருக்குப் போகும் பாதை திரும்புகிற இடத்தில், புளியமரத்தடியில் பாஞ்சாலி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஏரி மீன் கிடைத்தால் மீன் விற்பாள், கிடைக்காவிட்டால் கருவாடு. இப்போது கருவாடு. ஊரில் யார் போனாலும் வந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நேராகக் கேட்டால் இப்படிப்பட்டவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது சுலோச்சனாவுக்குத் தெரியும். பேரம் பேசினால் விலை இறங்குகிறதோ இல்லையோ, ஊர் வம்பு கொசுறாக வரும்.

“இன்னாம்மா இது, கருவாடா, கட்டையா?”

“ஒனக்குப் பல்லு இல்லன்னா என் கருவாடு இன்னா பண்ணும்?”

“பல்லு இருக்கு. விலை கேட்டா விழுந்துடும்னு பயம். குளத்து மீன் மாயமா போச்சாமே, அதை வித்திருந்தா அம்மன் பேரைச் சொல்லி அள்ளியிருக்கலாமே நீ?”

“அடப் பாவி! அம்மன் மீனைத் தொட்டா கை விளங்குமா? இங்க இல்ல, மானாமதி சந்தையில, செய்யாறு பக்கம், எங்கயும் ஒரு உசுரு மீன் வரல. நான் விசாரிச்சிட்டேன். வந்திருந்தா எனக்குத் தெரியாம போவாது.”

“ஞாயித்துக்கிழமை இந்த வழியா வலையோட யாரும் போகலியா?”

“அன்னிக்கி ஆம்பளையே போகக்கூடாது, வலை எங்க போவும்?” பாஞ்சாலி கூடை மேல் உட்கார்ந்த ஈயை விசிறினாள். “கூழ் ஊத்தற நாள்ல பொம்பளைங்க மஞ்சத் தண்ணி குளிச்சி முடிக்கிற வரைக்கும் குளத்தங்கரையில ஆம்பளை வாசமே அடிக்கக்கூடாது. பூசாரியே ஏரிக்கரையாண்ட போயி குந்திக்கினு இருப்பான். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி எல்லாம் ஒண்ணா இறங்கற ஒரே நாளு அதுதான்.”

வேதகிரியின் அலுத்த கண்கள் முதல் தடவையாகச் சற்று விரிந்தன.

“நீ போகலியா?” என்றாள் சுலோச்சனா.

“எனக்கு முட்டி வலி. இங்கியே குந்திக்கினு போறவளுங்களைப் பாத்துக்கினு இருந்தேன். இந்த வருசம் எல்லாத்துக்கும் இன்னா கிராக்கி வந்துச்சோ! போவும்போது கூழ்க்குடம் தலைமேல, சரி. வரும்போது வெறுங்குடம்தானே? இடுப்புல இடுக்கிக்கினு, என்னாண்ட நின்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போவாளுங்க. இந்த தபா ஒருத்தியும் நிக்கல. எல்லாம் சும்மாடு கட்டி, தலைமேல குடம், மேல வேப்பிலை. சாமி ஊர்வலம் மாதிரி கழுத்தை அசைக்காம போயிட்டாளுங்க. அதுவும் வூட்டுக்கு இல்ல, தர்மகர்த்தா ஐயா தோப்புப் பக்கமா. ஆண்டாளம்மா மோர் ஊத்தினாங்களாம். எனக்கு ஒரு டம்ளர் அனுப்பலாம்னு ஒருத்திக்குத் தோணல!”

சுலோச்சனா கருவாட்டை அவள் சொன்ன விலைக்கே வாங்கினாள். வேதகிரி அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை.

“வெறுங்குடத்துக்கு எவ சார் சும்மாடு கட்டுவா?” என்றாள் அவள், கொஞ்ச தூரம் வந்ததும்.

“அதை விடு. செங்கேணியை யோசி. ஞாயித்துக்கிழமை பகல்ல என்னைக் கரையிலயே விடல சாமின்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் பாதி தப்பிச்சிடுவான். ஊரே சாட்சி. தன்னைக் காப்பாத்தற உண்மையை விட்டுட்டு, தன்னை மாட்டிவிடற பொய்யைச் சொல்றான்.”

“ராத்திரிதான் போச்சுன்னு எல்லாரும் நம்பணும்.”

“நம்பினா யாரும் பகலைப் பத்திக் கேக்க மாட்டாங்க.”

தோப்புக்குப் போகும் வழியில் வரதனின் மாட்டுக் கொட்டகை. சுலோச்சனா அங்கே நின்று தும்மினாள். உள்ளே சுவரோரம் கோணி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒன்றின் ஓரத்தைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

“இலுப்பைப் புண்ணாக்கு.”

“கோயிலுக்கு இலுப்பெண்ணெய் ஆட்டின மிச்சமா இருக்கும்.”

“இவ்வளவு மிச்சம் வரணும்னா கோயில் குளத்தையே எண்ணெயால நிரப்பியிருக்கணும். கசப்பு சார் இது. மாடு மோந்துகூடப் பார்க்காது. மாடு தின்னாத புண்ணாக்குக்கு மாட்டுக் கொட்டகையில என்ன வேலை?” சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “குட்டையில இதைக் கரைச்சா மீன் மயங்கி மல்லாந்துடும். எங்க மாமா ஊர்ல பார்த்திருக்கேன். பொடிசு, பெருசு எதுவும் மிஞ்சாது.”

கட்லா குஞ்சு விட வேண்டுமானால் முதலில் குளம் காலியாக வேண்டும். வேதகிரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் வழக்கம்போல் உடம்பு இன்னும் அசந்தது.

தோப்புக் கிணறு அகலமானது. படிக்கட்டு இறங்கும் ஆழத்தில் பாசி படிந்த தண்ணீர் கிடந்தது. வேதகிரி விளிம்பில் நின்றார். செருப்பைக் கீழே வைத்தார். கை தட்டினார்.

கிணறு கொதித்தது.

கெண்டை, அயிரை, உளுவை, உடம்பில் கோடு போட்டது, வாலில் பொட்டு வைத்தது, இன்னும் பேர் தெரியாத பொடிசுகள் எல்லாம் வெயில்பட்ட வெள்ளிக் காசுகளாக மேலே வந்து வாயைத் திறந்து மூடின. இடம்தான் மாறியிருந்தது. கை தட்டினால் பொரி வரும் என்ற பரம்பரைப் பாடம் மறக்கவில்லை.

“தட்டாதீங்க. பாவம், ஏமாந்து போவும்.”

பின்னால் மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் தவிட்டுக் கிண்ணம். காதில் வைரத்தோடு, காலில் சேறு. வரதனின் மனைவி ஆண்டாளம்மாள்.

“விராலைக் காணோமேம்மா?” என்றாள் சுலோச்சனா.

“அந்தத் தொட்டியில தனியா கீது. இதுங்களோட விட்டா ராவுக்குள்ள எல்லாத்தையும் முழுங்கிடும். சாமி மீனா இருந்தா இன்னா, பசிக்குப் பங்காளி தெரியுமா?” ஆண்டாளம்மாள் தவிட்டைத் தூவினார். “பழம்புடவையை ஏழெட்டா சேர்த்துத் தெச்சி அரிச்சோம். இடுப்புத் தண்ணிதானே. மஞ்சத் தண்ணி குளிக்கிற கூச்சல்ல யாருக்குத் தெரியும்? அதிகாரியோட அவுரு கூடத்துல பேசிக்கினு இருந்ததை நான் கேட்டேன். இதெல்லாம் களை மீனாம். களை! மருந்து வெச்சி எடுத்துட்டு, சாமி கூப்பிட்டுக்கிச்சின்னு ஊருக்குச் சொல்லிடலாம்னாரு.”

“கட்லாவும் மீன்தானேம்மா,” என்றார் வேதகிரி. வாதாடுவதற்காக அல்ல, கேட்டு வைக்க வேண்டியது தொழில்.

“ஏரியில விடட்டுமே, நானா வேணாம்னேன்? நான் வாக்கப்பட்டு வந்தப்போ மடையில கூடை வெச்சா ஆரலும் குறவையும் விழும். எண்ட்ரின் பூச்சிமருந்து அடிக்க ஆரம்பிச்சாங்க, வயல்ல நண்டுகூட இல்ல. செய்யாறு பங்குனிக்கே மணலா போயிடுது. ஐப்பசில வெள்ளம் வந்தா இந்தக் குளம் ரொம்பி, கால்வாயில வழிஞ்சி ஆத்துக்குப் போவும். மீனும் கூடப் போவும். இந்தப் பக்கத்து ஆத்துக்கு விதை இங்கதான் கீது. விதை நெல்லை எவனாவது அவிப்பானா?”

அதற்காகத்தான் செங்கேணி மழை கேட்டிருக்கிறான். வேதகிரி சட்டைப் பையிலிருந்த கேள்வியை மாற்றிக்கொண்டார்.

“அங்க ஒருத்தன் உதடு வீங்கி உக்காந்திருக்கான்மா.”

ஆண்டாளம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “என் பேரைச் சொல்லுங்க. இப்பவே வந்து சொல்றேன். அவனைப் பிடிச்ச அன்னிக்கே சொல்லக் கிளம்பினேன். சிட்டம்மாதான் காலைப் பிடிச்சிக்கினா. ‘என் ஆம்பளை நாலு அடி வாங்கினா செத்துட மாட்டான்மா. நீ சொன்னின்னா ஐயா அந்த மூட்டையைக் கிணத்துல கொட்டிடுவாரு’ன்றா. நான் இன்னா பண்ணட்டும்?”

சுலோச்சனா வேதகிரியைப் பார்த்தாள்.

பேரைச் சொன்னால் மீன் சாகும். சொல்லாவிட்டால் செங்கேணியின் குடிசை போகும். சம்பளம் கொடுக்கிறவர் கேட்பது பேரை. வேதகிரி செருப்பை எடுத்துக்கொண்டார்.

“பேரம் பேசத் தெரியுமா சுலோச்சனா?”

“கருவாடு வாங்கினதை வெச்சி எடை போடாதீங்க சார்.”

வரதன் கூடத்தில் விசிறிக்கொண்டிருந்தார். “திருடன் கிடைச்சானா?”

“சரக்கு கிடைச்சிடுச்சு,” என்றார் வேதகிரி.

“எங்க?”

“உங்க தோப்புக் கிணத்துல.”

விசிறி நின்றது. “இன்னா சார் கலாட்டா? சத்தியமா நான் வெக்கல!”

“அது எனக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? அம்மன் மீன் தர்மகர்த்தா கிணத்துல. மாடு தின்னாத புண்ணாக்கு தர்மகர்த்தா கொட்டகையில. இது ரெண்டையும் கூட்டத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சா, கடைசி வரைக்கும் யாரும் உங்களைப் பேச விட மாட்டாங்க.”

“எந்தப் பய வெச்சான்? பேரைச் சொல்லுங்க!”

“பேர் வேணும்னா கூட்டத்துலதான் சொல்வேன். அப்போ கிணறும் வரும், மூட்டையும் வரும்.”

“பேரு, மானம் ரெண்டும் ஒரே கடையில கிடைக்காதுங்க,” என்றாள் சுலோச்சனா. “ஏதாவது ஒண்ணு எடுத்துக்குங்க. மானம் இன்னிக்கி மலிவு. செங்கேணியை விடணும், குடிசையைத் தொடக்கூடாது. புண்ணாக்கை வயலுக்கு எருவா போடுங்க. கட்லாவைப் பெரிய ஏரிக்கு அனுப்புங்க. மழை வந்து குளம் ரொம்பினதும் மீன் குளத்துக்குத் திரும்பணும். சாயங்காலத்துக்கு மேல இந்த விலைக்குக் கிடைக்காது.”

வரதன் விசிறியைக் கீழே வைத்தார். அடுக்களைப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெரியாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் வரதன் எழுந்து நின்று, கண் கலங்கப் பேசினார். அம்மன் கனவில் வந்தாளாம். குளம் வற்றுகிறது, என் பிள்ளைகளை உன் கிணற்றில் வைத்துக் காப்பாற்று என்றாளாம். ஊர் நம்புமோ என்று இத்தனை நாள் வாய் திறக்கவில்லையாம். யாரோ போய்க் கிணற்றில் கை தட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். குலவை எழுந்தது. தர்மகர்த்தாவுக்கு மாலை விழுந்தது.

செங்கேணியிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடோன் கதவைத் திறந்துவிட்டார்கள். அவன் தானாக நடந்து வீட்டுக்குப் போனான்.

“மாலையை யாருக்குப் போட்டிருக்கணும் சார்?” என்றாள் சுலோச்சனா, புளியமரத்தடியில், சாயங்காலம் மட்டும் ஊருக்குள் வரும் பஸ்ஸுக்காக நிற்கும்போது. வேதகிரியின் செருப்பு வாரில் அவள் ஊக்கு ஒன்றைக் குத்திக் கொடுத்திருந்தாள்.

“போட்டா குனியணும். அவங்களுக்கு வேலை கிடக்கு.”

பெண்கள் கிணற்றைத் தரிசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொரி கொண்டுபோன குடங்கள் காலியாக இடுப்பில் ஆடின. பாஞ்சாலியிடம் நின்று நாலு வார்த்தை பேசினார்கள், சிரித்தார்கள்.

கடைசியாக ஒருத்தி தனியாக வந்தாள். சிட்டம்மாள். நிற்கவில்லை, பேசவில்லை. தலையில் சும்மாடு, அதன் மேல் குடம், குடத்தின் வாயில் வேப்பிலை. கழுத்து அசையவில்லை. ஊர்ப் பக்கமும் போகாமல், தோப்புப் பக்கமும் போகாமல், கோடையிலும் வற்றாத செய்யாற்று மடுவுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் திரும்பினாள்.

சுலோச்சனா வாயைத் திறந்தாள். “சார், அந்தக் குடம்...”

இடம் தெரிந்துவிட்ட சரக்கை முழுக்க ஒரே கிடங்கில் வைக்கிறவன் வியாபாரி இல்லை; மாலை போட்டுக்கொண்டவர் வாக்கை நம்பிச் சும்மா இருப்பது ஏழைக்குக் கட்டுப்படியாகாது. அது சுலோச்சனாவுக்கும் தெரியும். அவள் முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

வேதகிரி எதிர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

“பஸ் வருதான்னு பாரு,” என்றார்.